உக்கிரபாண்டி செய்த கல்விச் சீர்

அரசுப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியே தீருவது என்று உக்கிரபாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தார். இட்லி வேக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று எடுத்த முடிவு.

பேரில்தான் உக்கிரம். வெளியில் மைக் கிடைத்தால் விடமாட்டார். ஒத்தப்புளியேந்தலில் காதுகுத்து, கொடைவிழா, வாலிபால் மேட்ச் எதுவானாலும் "இரண்டு வார்த்தை" பேசுவார். அந்த இரண்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே முருகலட்சுமி இருந்தாள்.

பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்து உக்கிரபாண்டிக்குக் கல்வியின் மேல் பாசம் பொங்க ஆரம்பித்திருந்தது. 'அரசுப் பள்ளி மீட்பு இயக்கம்' என்று லெட்டர்பேடு அடித்தார். ரப்பர் ஸ்டாம்பு செய்தார். தலைவர் அவர், செயலாளர் அவர், பொருளாளரும் அவர். உறுப்பினர் பால்சாமி. பால்சாமியிடம் நல்ல கேமரா வைத்த போன் இருந்தது.

மீட்க வேண்டிய நிலைமையில்தான் பள்ளிக்கூடமும் இருந்தது, அதில் பொய்யில்லை. அஞ்சு வகுப்புக்கு இரண்டு கட்டடம். கான்கிரீட் கட்டடத்தில் ஆகஸ்டு மாசம் மேலேயிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிள்ளைகள் தலை தப்பியது. அதைப் பூட்டி 'ஆபத்து' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். எழுதியதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. மிச்சமிருப்பது ஓட்டுக் கட்டடம். தூறல் விழுந்தால் வகுப்பே எழுந்து சுவரோரம் ஒதுங்க வேண்டும். அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஹெட்மாஸ்டர். இன்னொரு டீச்சர், சரஸ்வதி டீச்சர், ஜூன் மாசமே 'மாற்றுப்பணி'யில் போய்விட்டார். மாற்றுப்பணி என்றால் சம்பளம் இந்தப் பள்ளிக்கூடத்தில், வேலை வேறெங்கோ. ஹெட்மாஸ்டருக்கு மீட்டிங் வந்துவிட்டால் சத்துணவு ஆயாதான் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியர். அன்றைக்குப் பிள்ளைகள் முட்டை உரிக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.

உக்கிரபாண்டியின் மகள் யுவராணியும் அங்கேதான் நாலாம் வகுப்பு. அவளை அருப்புக்கோட்டைக்கு வேனில் அனுப்பத்தான் அவருக்கு ஆசை. "ஊருக்குள்ள ஸ்கூலு இருக்கைல பிள்ளைய எதுக்குப் பருத்தி மூட்டையாட்டம் வேன்ல திணிக்கணும்?" என்று முருகலட்சுமி கேட்டாள். விஷயம் அதோடு முடிந்தது.

சரி, செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவுக்கு வருவோம். கல்விச் சீர். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் ஊரார் தாம்பாளத்தில் சாமான்களை அடுக்கி, மேளம் முழங்க, அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. பல ஊர்களில் நடந்து பேப்பரில் படம் வந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் நடுவில் ஒரு ஆள் மாலையோடு நின்றார். அந்த ஆள்தான் உக்கிரபாண்டியின் கண்ணை உறுத்தினார்.

சீர் என்றால் பெரிய சாமான் ஒன்று முன்னால் போக வேண்டும். பீரோ மாதிரி. பீரோவுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே அவர் திரும்பியபோது, வீட்டுக்குள்ளேயே ஒன்று நின்றது.

முருகலட்சுமி பாளையம்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்துக் குட்டியானை வண்டியைக் கூப்பிட்டார். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அவளுடைய சேலைகள் எல்லாம் கட்டிலில் கோபுரமாகக் கிடந்தன.

"என்னங்க, பீரோ எங்க?"

"எந்த பீரோ?"

"நம்ம வீட்ல பத்து பீரோவா இருக்கு?"

"அதா... பெயிண்டு அடிக்கப் போயிருக்கு."

"தானா நடந்து போயிருச்சா?"

உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார். வாசலில் கழற்றி வைத்த குரலை எடுத்துவர நேரமில்லை. "ஸ்கூலுக்குச் சீரா குடுக்கப் போறேன், முருகு. ரெக்கார்டு வைக்க எடமில்லையாம். பெரிய ஆபீஸரே விழாவுக்கு வாராரு."

"எங்கப்பா எனக்குக் குடுத்த சீர நீங்க தூக்கிச் சீரா குடுக்கீகளா?"

"சீருங்கிறது கை மாறிக்கிட்டுத்தான் இருக்கணும்."

"மாப்பிள்ளையும் அந்த பீரோவோட சேந்து வந்ததுதான். அதையும் வண்டில ஏத்தி விட்ருவமா?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாந் தெரியாமத்தான் கேக்கேன். சீரு யாரு யாருக்குச் செய்யணும்? பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுக்குத்தான செய்யணும்? எம்மகள நான் கவர்மெண்டுக்கா கட்டிக் குடுத்திருக்கேன்?"

"அப்பிடியில்ல, முருகு..."

"சோப்பு வாங்குனா வரி. டீத்தூளு வாங்குனா வரி. அந்த பீரோ வாங்குறப்பவே எங்கப்பா வரி கட்டித்தான் வாங்குனாரு. வரியும் நாமதான், வரதட்சணையும் நாமதானா? அந்த வரி எங்க போச்சுன்னு கேக்கத் துப்பில்ல, பீரோவுக்குப் பொட்டு வச்சுக் கூட்டிட்டுப் போறாராம்! அவுக செய்ய வேண்டியத நாம செஞ்சு குடுத்தா அவுக எதுக்குச் செய்வாக? இந்த வருசம் பீரோ. அடுத்த வருசம் கூரையச் சீரா கொண்டாங்கம்பாக. அதுக்கடுத்த வருசம் வாத்தியாரையும் தட்டுல வச்சுத் தூக்கிட்டு வாங்கம்பாக!"

"நீ பேசுறது கொள்கை. நான் நடத்துறது விழா," என்றார் உக்கிரபாண்டி. தானே அசந்துபோனார். அதைப் பால்சாமியிடம் சொல்லிக் குறித்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு நூர் பீவி உள்ளே வந்தாள். கையில் கிண்ணம். முந்தாநாள் இங்கிருந்து கொழுக்கட்டை போன கிண்ணம். வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக் கூடாது என்று பேரீச்சம்பழம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவள் புருஷன் மன்சூர் அலி கத்தாரில் இருந்து அனுப்பிய பழம். மகள் அர்ஷியாவும் யுவராணியும் ஒரே வகுப்பு.

நூர் பீவிதான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பிள்ளையைப் படிக்கப்போட்ட தாய்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும் என்று விதி. இதை உக்கிரபாண்டிக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. மூன்று தடவையும் அவர் மறந்தார். டீச்சரைத் திருப்பி அனுப்பச் சொல்லி நூர் பீவி ஏழு மனு கொடுத்திருந்தாள். ஏழுக்கும் ரசீது வந்தது. டீச்சர் வரவில்லை.

"என்னக்கா, சேல வியாபாரமா?" என்றாள் நூர் பீவி, கட்டிலைப் பார்த்து.

"இல்ல நூரு. அண்ணன் கல்விக்குச் சீர் செய்றாக."

"மாஷா அல்லாஹ். யாருக்கு யாரு செய்றது?"

"அதத்தான் நானும் கேட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஆம்பளை எவனும் கவனிக்காத பார்வை அது. உக்கிரபாண்டியும் கவனிக்கவில்லை, பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"சரிங்க," என்றாள் முருகலட்சுமி. குரலில் சர்க்கரை. "சீருன்னு ஆகிப்போச்சு. செய்றதச் சீராச் செய்வோம். முப்பத்தோரு தட்டு. பொம்பளைகள நான் கூப்புடுறேன்."

பன்னிரண்டு வருஷக் குடும்பத்தில் அவள் சட்டென்று ஒத்துக்கொண்டது அதுவரை இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவர் நெடுநாள் வருந்தியிருக்கிறார். ஆனால் மாலை கண்ணை மறைத்தது.

"ஆனா ஒண்ணு. பெரிய ஆபீஸர இந்தச் சேத்துக்குள்ள வரச் சொல்லி போன்லயா கூப்புடுறது? நாமளே தட்டெடுத்து, மேளத்தோட, ஆபீஸுக்கே போயி முறையா அழைக்கணும். நீங்க முன்னால நடந்து வாங்க. அதான் உங்களுக்குக் கவுரவம்."

"இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார் உக்கிரபாண்டி.

அவருக்குத் தோன்றாமல் போனது இன்னும் நிறைய இருந்தது.

வியாழக்கிழமை காலை டவுன் பஸ் ஒத்தப்புளியேந்தலில் நின்றபோது முப்பத்தோரு பெண்கள் ஏறினார்கள். முப்பத்தோரு தாம்பாளம். எல்லாவற்றின் மேலும் பட்டுத்துணி. கோபுரமாகக் கிடந்த சேலைகள் அன்றைக்குப் பயன்பட்டன. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. உக்கிரபாண்டி, பால்சாமி, கொட்டுக்காரர் இரண்டு பேர் என்று நாலே நாலு டிக்கெட்.

"என்னண்ணே, நிச்சயதார்த்தமா?" என்றார் கண்டக்டர்.

"கல்வி," என்றார் உக்கிரபாண்டி கம்பீரமாக.

"பொண்ணு பேரு நல்லாருக்குண்ணே."

தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க உக்கிரபாண்டி ஒரு துணியை லேசாகத் தூக்கப் போனார். நூர் பீவி தட்டைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். "சபைல தொறக்க வேண்டியத பஸ்ஸுல தொறப்பாகளாண்ணே?" நியாயம்தான் என்று பட்டது.

கல்வி ஆபீஸ் மாடியில் இருந்தது. கொட்டுச் சத்தம் படியேறியதும் எல்லா மேஜையிலும் தலை நிமிர்ந்தது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். தனக்குத்தான் ஏதோ மரியாதை என்று புரிந்து சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். பெண்கள் வரிசையாக உள்ளே வந்து தட்டுகளை அவர் மேஜை மேல், பைல் அடுக்கின் மேல், நாற்காலிகளின் மேல், இடம் தீர்ந்ததும் தரையில் என்று இறக்கி வைத்தார்கள். அலுவலர் கால் நீட்ட இடமில்லை.

"லைவ் போகுதுண்ணே," என்றான் பால்சாமி.

அது ஒன்று போதும் உக்கிரபாண்டிக்கு. "ஐயா! எல்லாரும் இந்த ஆபீஸுக்குக் கேட்டு வருவார்கள். நாங்கள் கேட்டு வரவில்லை. கொடுக்க வந்திருக்கிறோம்! ஒத்தப்புளியேந்தலின் சீரைப் பாருங்கள்!" என்று முழங்கி, முதல் தட்டின் துணியைத் தானே உருவினார்.

தட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு காரைக் கட்டி இருந்தது. துருப்பிடித்த கம்பித் துண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

உக்கிரபாண்டி உருவிய துணியைத் திரும்பப் போட்டு மூடப் பார்த்தார். அடுத்த துணியை முருகலட்சுமி எடுத்தாள். பாட்டிலில் செம்மண் நிறத்தில் தண்ணீர். "இது வகுப்புக்குள்ள ஒழுகுனது சார். ஒரு மணி நேரத்து மழ." அடுத்த துணியை நூர் பீவி எடுத்தாள். ஏழு வெற்றிலை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மனு ரசீது.

"என்னங்க உக்கிரபாண்டி, என்ன இது?" அலுவலரின் முகம் கறுத்தது.

"சார், சத்தியமா எனக்கு..."

மிச்சத் துணிகளை மற்ற பெண்கள் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். இருபத்தெட்டுத் தட்டு. இருபத்தெட்டுக் கணக்கு நோட்டு.

உக்கிரபாண்டியின் கைக்கெட்டிய நோட்டில் 'உ. யுவராணி, நான்காம் வகுப்பு' என்று எழுதியிருந்தது. மகளின் நோட்டை அவர் அதுவரை திறந்து பார்த்ததில்லை. திறந்தார். முதல் பக்கத்தில் ஜூன் மாசத்துத் தேதி, ஒரு வகுத்தல் கணக்கு, பாதியில் நின்றது, சிவப்பு மையில் டீச்சரின் ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் தேதி. அடுத்த பக்கத்தில் தேதி. தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் தேதியைச் சுற்றிப் பூப் போட்டிருந்தாள். செய்ய வேறு வேலை இல்லாததால் பூ நாளுக்கு நாள் அழகாக வந்திருந்தது.

நோட்டு முழுக்கப் பூ. நாலு மாசப் பூ.

"சொல்லுங்க, இதுக்கு நீங்கதான் தலைமையா?" அலுவலர் எழுந்துவிட்டார்.

"எங்க அண்ணன்தான் சார் தலைவரு. இயக்கமே அவுகளுதுதான்," என்றாள் நூர் பீவி.

பால்சாமியின் போன் உக்கிரபாண்டியின் மூக்குக்கு நேராக நின்றது. இல்லை என்று சொன்னால் ஊரே பார்க்கும். ஆமாம் என்று சொன்னால் ஆபீஸர் பார்த்துக்கொள்வார். உக்கிரபாண்டி இன்னொரு தடவை நோட்டைப் பார்த்தார். சாமந்திப்பூ மாதிரி ஒன்று. அதன் நடுவில் செப்டம்பர் பதினெட்டு.

"ஆமா சார்," என்றார். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

அலுவலர் குரலைத் தணித்தார். "மனுவக் குடுத்துட்டுப் போங்க. மேலிடத்துக்கு அனுப்புறேன். டீச்சர் எங்க தேவையோ அங்க..."

"டீச்சர் எங்கன்னு நாங்களே சொல்றோம் சார்," என்றாள் முருகலட்சுமி. கையை நீட்டினாள்.

ஜன்னலோரம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு தலை தாழ்ந்திருந்தது. சரஸ்வதி டீச்சர். நாலு மாசமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை செருப்பு, எத்தனை முட்டை என்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"பிள்ளைகள எண்ணுறதுக்கு இங்க ஆளு இருக்கு. பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக் குடுக்க அங்க ஆளு இல்ல. எந்த ஊரு நாயம் சார் இது? ஆளு பத்தலன்னா ஆளு போடணும். இருக்க ஒரு டீச்சரத் தூக்கிட்டு வந்து டைப் அடிக்க விடுவீகளா? எங்க பிள்ளைக என்ன, நீங்க பாரம் நிரப்புறதுக்குன்னு பெத்துப் போட்டதா?"

"அம்மா, இதெல்லாம் பாலிசி மேட்டர்."

"சார், நீங்க எந்த ஊரு?"

"கமுதிப் பக்கம். ஏன்?"

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சீர்த்தட்ட வெறுந்தட்டாத் திருப்பி விடுவாகளா உங்க ஊர்ல?"

அலுவலர் வாயைத் திறந்தார். பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"விட மாட்டாக," என்றார் சரஸ்வதி டீச்சர், தலை நிமிராமல்.

ஆபீஸில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். முப்பத்தோரு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். தட்டு நிறையாமல் எடுப்பதற்கில்லை. அலுவலர் முதலில் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

"பண்டம் வேணாம் சார். உத்தரவு போடுங்க," என்றாள் முருகலட்சுமி.

பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டார். ஒரு மணிக்கு இன்னொரு போன். "லைவ்ல ரெண்டாயிரம் பேரு பாக்காகண்ணே," என்று பால்சாமி சத்தமாகவே சொன்னான். கொட்டுக்காரர்கள் சம்பளம் வாங்கிவிட்ட விசுவாசத்தில் அரைமணிக்கு ஒரு தடவை தட்டினார்கள். மூன்று மணிக்கு அலுவலர், "டைப் அடிம்மா," என்றார். மாற்றுப்பணி ரத்து, திங்கள்கிழமை முதல் சொந்தப் பள்ளி. தன் உத்தரவைத் தானே டைப் அடிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சரஸ்வதி டீச்சர் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இரண்டே நிமிஷத்தில் அடித்தார். கூரையைப் பார்க்கப் பத்து நாளில் என்ஜினீயர் வருவார் என்று தேதி போட்டு இன்னொரு கடிதம். இரண்டையும் அலுவலர் தாம்பாளத்தில் வைத்து, பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் கொடுத்தார்.

முருகலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முறைப்படி வாங்கினாள்.

ஊருக்குத் திரும்பியதும் உக்கிரபாண்டிக்கு மாலை விழுந்தது. இரண்டு நாளில் போராட்டத்தைத் திட்டமிட்டதே தான்தான் என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. டீக்கடையில், "ஆபீஸரப் பாத்து ஒரே வார்த்த கேட்டேன்!" என்றார். பீரோவும் பெயிண்டு வாசனையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கதவில் பெரிய எழுத்தில் 'உபயம்: கல்விக் காவலர் உக்கிரபாண்டி'. மாமனார் கொடுத்த பீரோவில் மாப்பிள்ளை உபயம். முருகலட்சுமி அதன் மேல் காலண்டரை மாட்டினாள்.

திங்கள்கிழமை சரஸ்வதி டீச்சர் வந்தார். செவ்வாய்க்கிழமை மழையும் வந்தது.

மழை விட்டதும் உக்கிரபாண்டி கதவிடுக்கில் தேடினார். அருப்புக்கோட்டையில் அடித்து வாங்கிய பிளெக்ஸ், இருபதடிக்குப் பத்தடி. கைகூப்பிச் சிரிக்கிற அவர் முகம். பஸ் ஸ்டாப்பில் கட்ட இதைவிட நல்ல நேரம் வராது. பிளெக்ஸைக் காணோம்.

"முருகு, எம் பிளெக்ஸு எங்க?"

"எந்த பிளெக்ஸு?"

"நம்ம வீட்ல பத்து பிளெக்ஸா..." சொல்லும்போதே அவருக்கு பீரோ ஞாபகம் வந்தது.

"ஸ்கூலுக்குச் சீரா குடுத்துட்டேன். என்ஜினீயருக்குத் தேதி இருக்கு, மழைக்குத் தேதி தெரியுமா? ஓட்டுக்கடில இழுத்துக் கட்டியாச்சு. அவுக கூரை போடுற அன்னைக்கு அவுத்துத் தந்துருவாக. சீருங்கிறது கை மாறிக்கிட்டுத்தான் இருக்கணும்."

உக்கிரபாண்டி கட்டிலில் உட்கார்ந்தார். யுவராணி பள்ளிக்கூடத்திலிருந்து நனையாமல் ஓடிவந்தாள். கையில் கணக்கு நோட்டு.

"அப்பா! டீச்சர் வகுத்தல் முடிச்சுட்டாக! மழைல ஒருத்தரும் எந்திரிக்கலப்பா. அண்ணாந்து பாத்தா நீங்க சிரிச்சுக்கிட்டே இருக்கீக!"

நாற்பத்து மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பெற்றோர். உக்கிரபாண்டி மனசுக்குள் ஓட்டுக் கணக்குப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒழுகவே இல்லையாம்மா?"

"இல்லப்பா. ஒரே ஒரு எடத்துல மட்டும். கட்டுறப்ப மூங்கில் குத்தி ஓட்டையாயிருச்சாம். சரியா ஒங்க வாய்கிட்ட. நிக்காம ஒழுகுது."

அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த முருகலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.

"அதத்தான் பன்னெண்டு வருசமா நானும் அடைச்சுப் பாக்கேன்."